ஃபோலியோன்னா பக்கம் இல்ல, ஏடு

வெளிநாட்டு லைப்ரரி கேட்டலாக்ல பழைய கையெழுத்துப் புத்தகம் எதையாவது தேடினா முதல்ல கண்ணுல படுற சொல் ஃபோலியோ. இத நிறைய பேர் பக்கம்னு மொழிபெயர்த்துடுறாங்க, அது தப்பு. ஃபோலியோன்னா ஒரு முழு தாள், ரெண்டு பக்கமும் சேர்ந்தது, நம்பர் மட்டும் ஒண்ணுதான். அதனால 309 ஃபோலியோ உள்ள புத்தகத்துக்கு 618 பக்கம். பக்கம்னு எழுதிட்டா புத்தகமே பாதியா சுருங்கிடும்.

லத்தீன்ல ஃபோலியும்னா இலை, ஃபோலியோன்னா 'இலையில'. இத்தனாவது இலையில இந்த வரி இருக்குன்னு குறிக்க எழுதின சொல்லு நாளாவட்டத்துல அந்த தாளுக்கே பேராயிடுச்சு. கூடவே வர்ற ரெக்டோ முன்பக்கம், வெர்ஸோ தாளத் திருப்பினா வர்ற பக்கம்.

தமிழ்ல என்ன சொல்லலாம்? தாள்னா காகிதம்தான் ஞாபகம் வரும், ஆனா இடைக்கால ஐரோப்பாவுல பெரும்பாலும் ஆட்டுத்தோல், கன்னுக்குட்டித்தோல பதப்படுத்தித்தான் எழுதுனாங்க. இதழ்னா பத்திரிகை ஆயிடுச்சு. என்னக் கேட்டா ஏடுதான் சரி, ஏன்னா சுவடியில ஒத்த ஓலைக்கு அதானே பேரு, அதுவும் இலையிலேர்ந்து வந்த எழுத்துப் பொருள்தான். ஏடு 12 முன், ஏடு 12 பின்னு எழுதினா ரெக்டோவும் வெர்ஸோவும் அதுலயே வந்துடும்.

சிக்கல் இதுக்கப்புறம்தான். பல லைப்ரரியில முழு புத்தகமே இருக்காது, ஒரு ஜெப புத்தகத்துலேர்ந்தோ பூசைப் புத்தகத்துலேர்ந்தோ ஒத்த ஏடு மட்டும் இருக்கும், அத ஃப்ராக்மென்ட்னு போட்டிருப்பாங்க. லத்தீன்ல ஃப்ராங்கெரேன்னா உடைக்கிறது, அதுலேர்ந்து வந்த சொல். தமிழ்ல உதிரி ஏடுன்னு எழுதத் தோணும், கேக்க அழகாவும் இருக்கு, ஆனா உதிரின்னா தானா கழண்டு விழுந்த மாதிரி ஆயிடுதே! இதுங்க பெரும்பாலும் தானா விழல, யாரோ ஒருத்தர் பிரிச்சதுதான்.

ஸ்வீடன்ல 16-ம் நூற்றாண்டுல ப்ராட்டஸ்டன்ட் மதச் சீர்திருத்தம் வந்ததும் பழைய கத்தோலிக்க வழிபாட்டுப் புத்தகங்களுக்கு வேலை இல்லாம போச்சு, தோல் உறுதியா இருந்ததால அரசாங்க ஆளுங்க அத பிரிச்சு வரிக்கணக்கு நோட்டுங்களுக்கு அட்டையா போட்டாங்க. அப்படி மிஞ்சினது மட்டுமே அந்த நாட்டு ஆவணக்காப்பகத்துல 20,000-க்கும் மேல இருக்கு. இதையெல்லாம் அட்டை ஏடுன்னு சொன்னாலே விஷயம் புரிஞ்சிடும்.

இன்னொரு வகை விக்கிறதுக்காகவே வெட்டினது. போவே மிஸ்ஸல்னு ஒண்ணு, 13-ம் நூற்றாண்டு கடைசியில ஃப்ரான்ஸ்ல செஞ்ச பூசைப் புத்தகம், தங்கம் வச்ச எழுத்துங்க, அவ்வளவு அழகு. ரொம்ப காலம் முழுசா இருந்தது, அமெரிக்க பத்திரிகை முதலாளி வில்லியம் ராண்டால்ஃப் ஹர்ஸ்ட்கிட்ட கூட முழுசாத்தான் இருந்தது. 1942-ல அது கைமாறினதும் நியூயார்க் புத்தக வியாபாரி ஃபிலிப் டுஷ்னெஸ் அத ஏடு ஏடா பிரிச்சு விக்க ஆரம்பிச்சாரு. அதுல நிறைய ஏடு க்ளீவ்லாந்து கலை ஆசிரியர் ஆட்டோ எகி கைக்கு போச்சு. எகி இத ஒளிச்சு செய்யல, முழுப் புத்தகம் வாங்க முடியாத சின்ன காலேஜுக்கும் லைப்ரரிக்கும் ஒரு ஏடாவது கிடைக்கட்டும்னு நியாயம் சொன்னாரு. ஐம்பது புத்தகத்துலேர்ந்து புத்தகத்துக்கு ஒரு ஏடுன்னு செட் போட்டு, அந்த மாதிரி நாப்பது செட். போவே ஏடு அந்த செட்ல 15-ம் நம்பர். அவர் நோக்கத்த நான் சந்தேகப்படல, ஆனா சுமார் 650 வருஷம் போர், தீ எல்லாத்தையும் தாண்டி வந்த ஒரு புத்தகத்த பிரிச்சுப் போட்டதுக்கு அது போதுமான காரணம் இல்லைன்னுதான் நினைக்கிறேன். இந்த மாதிரி ஏட்ட வெட்டிய ஏடுன்னு நேராவே எழுதணும், உதிரின்னு மென்மையாக்க வேண்டாம்.

இப்ப லிசா ஃபேகின் டேவிஸ்ங்கிற ஆய்வாளர் போவே மிஸ்ஸல கம்ப்யூட்டர்ல மறுபடி சேர்த்துட்டு வர்றாங்க, அதுல இருந்த மொத்தம் 309 ஏட்டுல நூத்துக்கு மேல கண்டுபிடிச்சாச்சு. பூசைப் புத்தகங்கிறது இதுக்கு பெரிய உதவி, ஏன்னா ஜெபங்கள் எல்லாம் திருச்சபை ஆண்டு வரிசையில வரும், கிறிஸ்துமஸுக்கு முந்தின வாரங்கள்ல தொடங்கி தவக்காலம், ஈஸ்டர்னு. அதனால ஒரு ஏட்டுல இருக்கிறது எந்த நாளோட ஜெபம்னு தெரிஞ்சா அது எங்க உக்காரும்னும் சொல்லிடலாம், ஒரு ஏட்டோட பின்பக்கத்துல பாதியில நிக்கிற வாக்கியம் வேற ஊர்ல இருக்கிற ஏட்டோட முன்பக்கத்துல தொடரும்.

2022-ல கூட அமெரிக்காவுல மெய்ன் மாநிலத்துல ஒருத்தர் பழைய வீட்டுச் சாமான் விற்பனையில 75 டாலருக்கு ஒரு ஏடு வாங்கினாரு, காலேஜ்ல இதப் படிச்சவர்ங்கிறதால பாத்ததும் சந்தேகம் வந்து தன் பழைய பேராசிரியர்கிட்ட கேட்டாரு, அதுவும் போவே மிஸ்ஸல் ஏடுதான்.