அமாவாசையன்று கடலுக்குப் போகிறவர்களுக்கு

"ஒரு சொட்டு மழை இல்லையே தம்பி, தண்ணி எங்கிருந்து வருது?" தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகருக்குத் தெற்கே, ஆற்று முகத்துவாரத்தை ஒட்டிய வீட்டில் ஆயா ஒருவர் என்னிடம் கேட்டார். மழைநீர் வடிகால்களைப் பார்க்கும் பொறியாளன் நான். முற்றத்தில் கணுக்கால் அளவு தண்ணீர். வடிகால் மூடியின் ஓட்டை வழியாக இன்னும் பொங்கிக்கொண்டிருந்தது. விரலில் தொட்டு நாக்கில் வைத்தேன், உப்பு. பங்குனிப் பௌர்ணமி கழிந்த இரண்டாம் நாள், மாலை நாலரை மணி.

மழைநீரைக் கடலுக்குக் கொண்டுபோகும் குழாய்தான் அது. கடல் மட்டம் குழாயின் வாயைத் தாண்டி ஏறினால், அதே குழாய் கடலை ஊருக்குள் கொண்டுவந்துவிடும். அதைத் தடுக்க வாயில் ஒருவழிக் கதவு வைப்போம். அன்று அந்தக் கதவின் இடுக்கில் பிளாஸ்டிக் பாட்டில்களும் ஒரு மரக்கிளையும் சிக்கியிருந்தன.

அமாவாசையிலும் பௌர்ணமியிலும் சூரியனும் நிலவும் ஒரே கோட்டில் நின்று இழுப்பதால் ஓதம் (தினமும் கடல் ஏறி வற்றுவது) உயர்கிறது. உச்சம் வருவது ஓரிரு நாள் கழித்து. மார்ச், செப்டம்பரில் சூரியன் நிலநடுக்கோட்டுக்கு நேரே வருவதால் இன்னும் ஏறும். நிலவும் பூமிக்குக் கிட்டே இருந்துவிட்டால் கேட்கவே வேண்டாம்.

2007 மார்ச் 19 அப்படிப்பட்ட நாள். அமாவாசை, சூரிய கிரகணம், நிலவு பூமிக்கு மிக அருகில். அந்த நேரம் பார்த்துக் கரைக்கு அப்பால் ஒரு பலத்த காற்றழுத்தத் தாழ்வு. அழுத்தம் 1 மில்லிபார் குறைந்தால் கடல் சுமார் 1 சென்டிமீட்டர் உயரும். அதன் மேல் அலை. டர்பனுக்கு வடக்கே ரிச்சர்ட்ஸ் பே துறைமுகத்தில் அலைகள் 8 மீட்டரைத் தாண்டின. பாலிட்டோ, உம்ட்லோட்டி கரைகளில் மணலும் சுவர்களும் போயின. ஓதம் தணிந்த வாரத்தில் வந்திருந்தால் அந்தப் புயல் இவ்வளவு தூரம் ஏறியிருக்காது என்பதே என் கணிப்பு. 2023 செப்டம்பர் 16, 17 தேதிகளிலும் அமாவாசை ஓதத்தோடு பேரலை சேர்ந்தது. கேப் கரையில் உயிரும் போனது.

இதை இங்குள்ள நம் தமிழ் ஆட்களுக்கென்று எழுதக் காரணம் இருக்கிறது. தர்ப்பணத்துக்கு டர்பன் ஆற்று முகத்துவாரமான புளூ லகூனுக்குப் போவது அமாவாசையில். புனித வெள்ளியன்று இசிப்பிங்கோ மாரியம்மனைக் கும்பிட்டு, மறுநாள் பிள்ளைகளோடு கடற்கரைக்குப் போகிறோம். ஈஸ்டரும் பௌர்ணமியை வைத்துக் குறிக்கிற நாள்தான். கடல் மிக உயரும் நாளாகப் பார்த்தே நாம் அதனிடம் போகிறோம்.

போக வேண்டாம் என்று சொல்ல மாட்டேன். நேரம் பாருங்கள். டர்பனில் இந்த நாட்களின் ஏற்றம் விடியற்காலையும் பிற்பகலும் ஏறக்குறைய 3 முதல் 5 மணிக்குள் வரும். காலை 9, 10 மணிவாக்கில் வற்றம். சடங்கை அப்போது வைத்துக்கொள்ளலாம். ஆனால் முகத்துவாரத்தில் வற்றும் தண்ணீர் வெளியே இழுக்கும், முழங்காலுக்கு மேல் இறங்காதீர்கள். பிற்பகலில் பிள்ளைகளைப் பாறை மேல் ஏறவிடாதீர்கள்.

கடற்படையின் நீரியல் அலுவலகம் ஆண்டுதோறும் ஓத அட்டவணை வெளியிடுகிறது. டர்பனுக்கு 2.2 மீட்டருக்கு மேல் போட்டிருந்தால், தாழ்வான தெருவில் குடியிருப்பவர்கள் காரை மேட்டுக்கு நகர்த்துங்கள், வடிகால் மூடி மேல் மணல் மூட்டை வையுங்கள். அன்றைக்கே வானிலைத் துறை பேரலை எச்சரிக்கையும் கொடுத்திருந்தால், கரைப் பக்கமே போகாதீர்கள்.

அப்புறம், வடிகாலில் பாட்டில் போடாதீர்கள், தயவுசெய்து. ஆயா வீட்டுக் குழாய்க் கதவைச் சுத்தம் செய்துவிட்டோம். செப்டம்பர் அமாவாசைக்கு முன்னால் மறுபடி போய்ப் பார்க்க வேண்டும்.