அரோஸ் கொன் லெச்சே: சர்க்கரையைப் பார்ப்பதற்கு முன் சட்டியைப் பாருங்கள்

டெக்சாஸில் நான் உணவியல் ஆலோசகராக வேலை பார்க்கும் கிளினிக்குக்கு வருபவர்களில் பாதிக்கு மேல் மெக்சிகோக் குடும்பங்கள். குளிர்காலம் தொடங்கிவிட்டால் ஒரே கேள்வி திரும்பத் திரும்ப வரும்: "அரோஸ் கொன் லெச்சே சாப்பிடலாமா?" அரிசியைப் பட்டை போட்ட தண்ணீரில் வேகவைத்து, பால் ஊற்றிக் குறுக்கி, கடைசியில் இனிப்புச் சேர்த்துச் செய்யும் அவர்களுடைய பாயசம் அது. கேட்பவர்கள் சர்க்கரையை மனதில் வைத்துத்தான் கேட்கிறார்கள். நான் பதிலுக்கு, "எந்தச் சட்டியில் செய்கிறீர்கள்? என்ன பட்டை போடுகிறீர்கள்? மிச்சத்தை எங்கே வைக்கிறீர்கள்?" என்று கேட்பேன். சர்க்கரைக் கணக்கு அப்புறம்தான் வரும். அது நாக்குக்குத் தெரிகிறது, இனிப்புக்கு ஊற்றும் கண்டென்ஸ்ட் மில்க் டின்னின் மேல் அச்சடித்தும் இருக்கிறது. மற்ற மூன்றும் கண்ணுக்கும் தெரியாது, நாக்குக்கும் தெரியாது.

முதலில் செய்முறையைச் சொல்லிவிடுகிறேன். அது தெரிந்தால்தான் எந்த இடத்தில் எது தவறுகிறது என்பது புரியும்.

மெக்சிகோவில் இதற்குப் பேர் போன அரிசி மொரேலோஸ் மாநிலத்தில் விளைவது. 2012இல் அதற்குப் பூர்வீகப் பெயர்க் காப்பு (நம் புவிசார் குறியீடு மாதிரி) கிடைத்தது. பருத்த மணி, நடுவில் வெள்ளையாகத் தெரியும், பாலை நன்றாக உறிஞ்சும். அது கிடைக்காத இடத்தில் நடுத்தர நீளமுள்ள எந்த அரிசியும் சரி. நம் சமையலறையில் இருக்கும் பச்சரிசியே போதும். பாசுமதி உதிரி உதிரியாக நிற்கும், புழுங்கலரிசி மாவு விடாது, இரண்டும் வேண்டாம். ஒரு கப் அரிசியை ஒரு முறை மட்டும் அலசி, இரண்டரை கப் தண்ணீர், விரல் நீளப் பட்டை ஒன்று, ஒரு சிட்டிகை உப்பு, வெள்ளைப் பகுதி ஒட்டாமல் சீவிய எலுமிச்சை அல்லது ஆரஞ்சுத் தோல் ஒரு கீற்று சேர்த்து மிதமான தீயில் வையுங்கள். தோல் மட்டும்தான். சாறு விழுந்தால் பால் திரிந்துவிடும். கால் மணி நேரத்தில் தண்ணீர் அநேகமாக வற்றியிருக்கும். அப்போது தோலை எடுத்துவிட்டு, சூடாக்கிய பால் ஒரு லிட்டரை இரண்டு மூன்று தடவையாக ஊற்றி, தீயைக் குறைத்து, அடி பிடிக்காமல் கிளற வேண்டும். இருபது இருபத்தைந்து நிமிடம் ஆகும்.

இனிப்பு கடைசிப் பத்து நிமிடத்தில்தான். சர்க்கரை முன்னாலேயே போனால் தண்ணீரைத் தன் பக்கம் இழுத்துக்கொள்ளும், அரிசி எவ்வளவு நேரம் கொதித்தாலும் நடுவில் கடுக்கென்று நிற்கும், அடியும் சீக்கிரம் பிடிக்கும். விசாரித்தவரை, "அரிசி வேகவே மாட்டேன் என்கிறது" என்று புலம்புகிறவர்கள் பெரும்பாலும் கண்டென்ஸ்ட் மில்க்கைப் பாலோடு சேர்த்தே ஊற்றியவர்கள். இன்னும் கொஞ்சம் இறுகட்டுமே என்று தோன்றும்போதே அடுப்பை அணைத்துவிடுங்கள், ஆறும்போது தானே இறுகும். உலர் திராட்சை இருந்தால் போடலாம். நெய்யும் ஏலக்காயும் இதில் இல்லை, தயவுசெய்து சேர்க்காதீர்கள். சேர்த்தால் நம்ம ஊர்ப் பாயசம் ஆகிவிடும், அதற்கு இவ்வளவு மெனக்கெட வேண்டியதில்லை.

சரி, சட்டிக்கு வருவோம்.

அமெரிக்காவில், வருமானம் குறைந்தவர்களுக்கான அரசு மருத்துவக் காப்பீடான மெடிக்கெய்டில் இருக்கும் குழந்தைகளுக்கு ஒரு வயதிலும் இரண்டு வயதிலும் ரத்தத்தில் ஈயம் (காரீயம், lead) பார்ப்பார்கள். டெசிலிட்டருக்கு 3.5 மைக்ரோகிராமுக்கு மேல் போனால் எங்கிருந்து வருகிறது என்று தேடத் தொடங்குவோம். பழைய வீட்டுப் பெயின்ட்தான் முதல் சந்தேகம். ஆனால் வீடுகளுக்கான ஈயப் பெயின்ட் 1978இல் தடை செய்யப்பட்டது. அதற்கு மிகவும் பிந்திக் கட்டிய வீட்டில் வளரும் குழந்தைக்கு ஈயம் கூடினால் என் பார்வை சமையலறைக்குப் போகும். அப்படி ஒரு குடும்பத்துப் பாட்டியிடம் வீட்டுச் சட்டிகளை எல்லாம் ஒரு பையில் போட்டு எடுத்து வரச் சொன்னேன். கோபித்துக்கொள்வார் என்று நினைத்தேன். மறுவாரமே துண்டில் சுற்றி எடுத்து வந்துவிட்டார். அதில் ஒன்று, மெக்சிகோவின் புயெப்லாவிலிருந்து அவருடைய அம்மா கொடுத்த அகன்ற மண்சட்டி. வெளியே கரி பிடித்திருந்தது, உள்ளே தேன் நிறத்தில் பளபளப்பு. வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தால் பூச்சு முழுக்க மயிரிழை விரிசல்கள். பால் கொதித்து நிற்கும் மட்டம் வரை பளபளப்பு செத்து, மங்கிய வளையமாகத் தெரிந்தது. கரண்டி உரசும் அடிப்பகுதியில் பூச்சே இல்லை, சிவப்பு மண் தெரிந்தது. போன பூச்சு எங்கே போயிருக்கும்? கொஞ்சம் கொஞ்சமாகச் சாப்பாட்டோடுதான்.

அந்தப் பளபளப்பில் இருப்பது ஈய ஆக்சைடு. ஸ்பானியர்கள் வருவதற்கு முன்பு மெக்சிகோவில் சட்டிகளைத் தேய்த்துத்தான் மெருகேற்றினார்கள். ஈயப் பூச்சு ஸ்பானியர்களோடு வந்தது. கிராமத்து விறகுச் சூளையில் வெப்பம் பூச்சு முழுதாகக் கண்ணாடியாகும் அளவுக்கு ஏறுவதில்லை, அதனால் ஈயம் இறுகக் கட்டுப்படாமல் நிற்கிறது. தக்காளி, எலுமிச்சை, வினிகர் போன்ற புளிப்பு பட்டால் வேகமாகக் கரையும். பால் அவ்வளவு புளிப்பில்லைதான். ஆனால் மெல்லிய தீயில் ஒரு மணி நேரம் கொதித்து, கரண்டியால் உரசப்பட்டு, ராத்திரி முழுக்க அதே சட்டியில் கிடந்தால் அதுவும் வாங்கிக்கொள்ளும். மெக்சிகோவின் தேசிய உடல்நல ஆய்வுகளில் 1 முதல் 4 வயது வரையான குழந்தைகளில் ஏறக்குறைய 17 சதவீதம் பேருக்கு ரத்தத்தில் ஈயம் 5 மைக்ரோகிராமோ அதற்கு மேலோ இருந்தது. அதற்கு முக்கியக் காரணமாகச் சொல்லப்படுவது இந்தப் பூச்சுப் பாத்திரங்கள்தான். உள்ளே போகும் ஈயத்தில் பெரியவர்கள் உறிஞ்சுவதைப்போல நான்கைந்து மடங்கைக் குழந்தைகள் உறிஞ்சுவார்கள். இரும்புச்சத்துக் குறைந்த குழந்தை இன்னும் அதிகம். மூளை வளர்ச்சியில் படும் பாதிப்பைத் திரும்பச் சரிசெய்ய முடியாது, அதனால்தான் இவ்வளவு பிடிவாதம் பிடிக்கிறேன்.

கடையில் கிடைக்கும் தேய்ப்புச் சோதனைக் குச்சி சிவந்தால் சந்தேகம் வலுக்கும். சிவக்காவிட்டால் சட்டி நல்லது என்று அர்த்தமில்லை. நான் சொல்வது எளிது: எங்கே, எந்தப் பூச்சில் செய்தது என்று தெரியாத பளபளப்பு மண்சட்டி சுவரில் தொங்கட்டும், அடுப்பில் ஏற வேண்டாம். அடி கனமான ஸ்டீல் பாத்திரத்தில் அரோஸ் கொன் லெச்சே ஒரு குறையும் இல்லாமல் வரும். மண்சட்டிதான் வேண்டும் என்பவர்கள் பூச்சே இல்லாததையோ, ஈயமில்லை என்று உறுதி சொல்லி விற்பதையோ வாங்கலாம். மெக்சிகோ அரசின் கைவினை நிறுவனமான ஃபோனார்ட், போரான் சேர்ந்த ஈயமில்லாப் பூச்சைக் குயவர்களிடம் கொண்டுபோகப் பல ஆண்டுகளாகப் பாடுபடுகிறது. குயவர்களைக் குறை சொல்லிப் பயனில்லை. அந்தத் தூளைக் கையால் கலக்குகிறவர்கள் அவர்கள்தான், அந்தச் சூளைப் புகையில் வளர்வதும் அவர்கள் வீட்டுக் குழந்தைகள்தான்.

அடுத்தது பட்டை. இங்கே மெக்சிகோக்காரர்கள் நம்மைவிடக் கெட்டிக்காரர்கள். அவர்கள் 'கனேலா' என்று கேட்டு வாங்குவது இலங்கைக் கறுவாவை. இலங்கையின் தெற்கே காலி, மாத்தறை ஊர்கள் பக்கம் உரித்து, உள்பட்டையை அடுக்கடுக்காகச் சுருட்டி உலர்த்திய அந்தக் கறுவாவைப் பல ஆண்டுகளாக மிக அதிகமாக வாங்கும் நாடு மெக்சிகோ. நிறம் வெளுத்திருக்கும், காகிதம்போல் மெல்லிய பல சுருள்கள் ஒன்றுக்குள் ஒன்றாக இருக்கும், விரலால் அழுத்தினால் நொறுங்கும். அமெரிக்கக் கடைகளில் வெறும் பட்டை என்று விற்பதும், தமிழ்நாட்டு மளிகைக் கடைகளில் பிரியாணிக்கு வாங்குவதும் பெரும்பாலும் காசியா. அது தடித்த ஒற்றைத் தோல், செம்பழுப்பு, உடைக்க உரல் வேண்டும்.

மணம் மட்டுமே வித்தியாசம் என்றால் நான் பேச மாட்டேன். காசியாவில் கூமரின் என்ற பொருள் கணிசமாக இருக்கிறது, கறுவாவில் மிகச் சொற்பம். கூமரின் அளவுக்கு மேல் தொடர்ந்து போனால் சிலருக்குக் கல்லீரலைத் தாக்கும். ஜெர்மனியின் உணவு அபாய மதிப்பீட்டு நிறுவனம் சொல்லும் கணக்குப்படி, 60 கிலோ எடையுள்ளவர் தினமும் சாப்பிட்டால் காசியாத்தூள் 2 கிராமைத் தாண்டக் கூடாது, 15 கிலோக் குழந்தைக்கு அரை கிராம். அரை கிராம் என்பது கால் டீஸ்பூனைவிடக் குறைவு. எப்போதோ ஒரு நாள் பாயசத்தின் மேல் தூவினால் ஒன்றும் ஆகாது. எனக்குக் கவலை, "சுகர் குறையும்" என்று தினமும் காலையில் வெந்நீரில் ஒரு ஸ்பூன் பட்டைத்தூள் கலக்கிக் குடிப்பவர்களைப் பற்றி. சுகர் குறையும் என்பதற்கு ஆதாரம் பலவீனம், கூமரின் போவது நிச்சயம்.

தூளில் இன்னொரு வம்பும் உண்டு. 2023இல் அமெரிக்காவில் பட்டைத்தூள் கலந்த ஆப்பிள் கூழ் பாக்கெட்டுகளைச் சாப்பிட்ட நூற்றுக்கணக்கான குழந்தைகளுக்கு ஈயம் ஏறியது. தூளில் ஈயமும் குரோமியமும் சேர்ந்தே இருந்ததால், நிறத்துக்காகவோ எடைக்காகவோ ஈய குரோமேட் கலந்திருக்க வேண்டும் என்ற முடிவுக்கு வந்தார்கள். அடுத்த ஆண்டு கடைகளில் விற்ற வெறும் பட்டைத்தூள் பலவற்றிலும் ஈயம் இருந்ததாக அமெரிக்க உணவு, மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்டிஏ வரிசையாக எச்சரிக்கை விட்டது. முழுப் பட்டையில் இப்படிக் கலப்பது கடினம். மேலே தூவத் தூள் வேண்டுமென்றால் கறுவாச் சுருளை வீட்டிலேயே மிக்சியில் ஒரு சுற்று விட்டுக்கொள்ளுங்கள்.

வெனிலா சேர்க்கும் வீடுகளுக்கு ஒரு வரி. மெக்சிகோவின் வெராக்ரூஸ் மாநிலத்தில் உள்ள பாபான்ட்லா, வெனிலாவுக்குப் பெயர் பெற்ற ஊர். ஆனால் எல்லைக் கடைகளில் 'மெக்சிகோ வெனிலா' என்று பெரிய பாட்டிலில் மலிவாக விற்பதில் வெனிலா போல மணக்கும் டொங்கா விதையின் சாறு கலந்திருக்கலாம். அதிலும் இதே கூமரின்தான். அமெரிக்காவில் 1954 முதல் உணவில் கூமரின் சேர்க்கத் தடை. பாட்டில் லேபிளில் என்னென்ன சேர்ந்திருக்கிறது என்றே எழுதவில்லையா, வாங்காதீர்கள்.

மூன்றாவது, மிச்சம். ஞாயிற்றுக்கிழமை பெரிய பாத்திரம் நிறையச் செய்து, மூடி போட்டு அடுப்பிலேயே விட்டு, திங்கள் காலையில் சூடு பண்ணிச் சாப்பிடுவது பல வீடுகளில் வழக்கம். "நன்றாகக் கொதிக்கவைத்துத்தானே சாப்பிட்டோம்?" என்பார்கள், வாந்தி எடுத்த பிறகு. அரிசியில் பேசில்லஸ் சீரியஸ் என்ற கிருமியின் வித்துகள் இயல்பாகவே இருக்கும், கொதியில் சாகாது. சோறும் பாலும் வெதுவெதுப்பாகக் கிடக்கும் மணிக்கணக்கில் முளைத்துப் பெருகி நஞ்சை விடும். வாந்தியை உண்டாக்கும் அந்த நஞ்சு மறுபடி கொதிக்கவைத்தாலும் அழியாது. சாப்பிட்ட அரை மணியிலிருந்து ஆறு மணி நேரத்துக்குள் ஆரம்பிக்கும். பெரியவர்கள் பெரும்பாலும் ஒரு நாளில் தேறிவிடுவார்கள், சின்னக் குழந்தை தண்ணீர்ச்சத்து வற்றி ஆஸ்பத்திரிக்கு வரும்.

அமெரிக்க உணவுக் கூடங்களுக்கான விதி, 57 டிகிரியிலிருந்து 21 டிகிரிக்கு இரண்டு மணி நேரத்தில், அங்கிருந்து 5 டிகிரிக்கு அடுத்த நான்கு மணி நேரத்தில் இறங்க வேண்டும் என்கிறது. ஆழமான பாத்திரத்தில் கெட்டியாக இருக்கும் பாற்சோறு அந்த வேகத்தில் ஆறவே ஆறாது. மேலே ஆடை கட்டிக் குளிர்ந்த மாதிரி தெரியும், நடுவில் கரண்டியை விட்டால் சுடும். பரிமாறியதும் மிச்சத்தை இரண்டு விரல் உயரத்துக்கு மேல் போகாமல் அகன்ற தட்டில் பரப்புங்கள், தட்டைக் குளிர்ந்த தண்ணீரில் சற்று வைத்து, ஆவி அடங்கியதும் ஃப்ரிட்ஜுக்குள். முழுக்க ஆறும்வரை காத்திருக்க வேண்டாம். மூன்று நாளைக்குள் தீர்த்துவிடுங்கள்.

இனி சர்க்கரை. கண்டென்ஸ்ட் மில்க் டின் ஒன்று சுமார் 400 கிராம், அதில் பாதிக்கு மேல் சர்க்கரை. மெக்சிகோவில் 2020 அக்டோபர் முதல் இப்படிப்பட்ட பொருள்கள் மேல் கறுப்பு எண்கோண எச்சரிக்கை இருக்கிறது. மேலே சொன்ன அளவில் ஒரு முழு டின் ஊற்றி எட்டுப் பேருக்குப் பிரித்தால், திராட்சை இல்லாமலே ஒருவருக்கு ஐம்பது கிராமுக்குக் குறையாமல் மாவுச்சத்து (சர்க்கரையும் சேர்த்துத்தான்) போகும். அரை டின் என்றால் நாற்பது. டின்னே இல்லாமல் கால் கப்பைவிடக் கொஞ்சம் கூடுதலாகச் சர்க்கரை மட்டும் போட்டால் முப்பத்தைந்துக்குள் நிற்கும். அரிசியும் பாலுமே இருபத்தைந்துக்கு மேல் கொண்டுவந்துவிடுவதால், "சர்க்கரையே போடவில்லையே" என்று பெரிய கிண்ணத்தில் சாப்பிடுவதும் கணக்கில் வராத சாப்பாடு அல்ல.

நீரிழிவு இருப்பவர்களை நான் தடுப்பதில்லை. காய்கறியும் பீன்ஸும் கறியும் சாப்பிட்ட பிறகு அரைக் கிண்ணம் சாப்பிடட்டும். அதையே வெறும் வயிற்றில், இனிப்பு ரொட்டி தொட்டுக்கொண்டு காலைச் சாப்பாடாக்குகிறவர்களிடம்தான் எனக்குச் சண்டை. சாப்பிடுவதற்கு முன்னும், இரண்டு மணி நேரம் கழித்தும் குளுக்கோமீட்டரில் பார்த்து எழுதி வாருங்கள் என்பேன். அடுத்த முறை டின்னில் எவ்வளவு ஊற்றலாம் என்பதை அந்தத் தாளை வைத்துப் பேசிக்கொள்வோம்.