பைபாஸ்: சுற்றிப் போவது எதை?

"வண்டி ஊருக்குள்ள போகாது, பைபாஸ்லதான் நிக்கும்" என்கிறாரே கண்டக்டர், அதே சொல்தான் ஆபரேஷன் தியேட்டரிலும். 19ஆம் நூற்றாண்டு ஆங்கிலத்தில் அது வாயு விளக்குக்காரர்களின் சொல். பெரிய குழாயை மூடினாலும் சுடர் அணையாமலிருக்க, பக்கவாட்டில் கொஞ்சம் வாயு விடும் சின்னக் குழாய். சாலைக்கு வந்தது பிறகுதான். என்னைக் கேட்டால், இதயத்துக்கு அந்தப் பழைய பொருளே நெருக்கம்.

தமிழில் 'இதய மாற்றுவழி அறுவை' என்று எழுதுகிறோம். 'வழி' விழுந்துவிட்டால் 'இதய மாற்று அறுவை', அதாவது வேறொருவர் இதயத்தைப் பொருத்துவது! எங்கள் வீட்டுப் பெரியவர் ஒருவர் அப்படித்தான் "யாரோட இதயம்ப்பா வைக்கிறாங்க?" என்று கேட்டு நடுங்கினார். புறவழிச்சாலை எல்லாருக்கும் தெரியும் என்பதால் 'புறவழி' தேவலை. ஆனால் 'இதயப் புறவழி' என்றாலும் தவறு. இதயத்தையே சுற்றிக்கொண்டு ரத்தத்தை ஓட்டுவது, அறுவையின்போது பயன்படும் இதய-நுரையீரல் இயந்திரத்தின் வேலை. இங்கே சுற்றிப் போவது, இதயத் தசைக்கு ரத்தம் கொண்டுபோகும் குழாயான தமனியில் உள்ள அடைப்பை. ஆகவே 'இதயத் தமனிப் புறவழி ஒட்டு' என்பதே சரி.

ஒட்டு என்றால் ஒட்டுதான். காலிலிருந்து எடுத்த சிரையின் (இதயத்துக்கு ரத்தம் திரும்பும் குழாய்) ஒரு முனையை, இதயத்திலிருந்து கிளம்பும் பெருந்தமனியிலும் மறுமுனையை அடைப்புக்கு அப்பாலும் தைப்பார்கள். சிரைக்குப் பதில் மார்புச் சுவரின் உட்பக்கத் தமனி என்றால் பெரும்பாலும் ஒரு முனையை வெட்டுவதே இல்லை. மறுமுனையை மட்டும் இதயத்துக்குத் திருப்பித் தைத்தால் போதும். காலின் சிரையை விட அதிக காலம் உழைப்பதும் அதுதான். அமெரிக்காவின் கிளீவ்லாந்தில் அறுவை மருத்துவர் ரெனே ஃபவலோரோ 1967இல் கால் சிரையை வைத்துச் செய்ததிலிருந்து இந்த அறுவை பரவியது. இந்தியாவில் முதலில் நடந்தது 1975இல், நம் பெரம்பூர் ரயில்வே மருத்துவமனையில், செய்தவர் கே.எம். செரியன்.

எல்லா அடைப்புக்கும் இது தேவையில்லை. மாத்திரையோ ஸ்டென்டோ போதுமானவர்கள் ஏராளம். இதயத்தின் இடது முதன்மைத் தமனி பாதிக்கு மேல் சுருங்கியிருந்தால், இதயத்தின் முக்கியமான மூன்று தமனிகளிலும் கடும் அடைப்பு இருந்தால், சர்க்கரை நோயாளிக்குப் பல இடங்களில் அடைப்பிருந்தால், ஆஞ்சியோகிராம் பார்த்த மருத்துவர் பெரும்பாலும் பைபாஸ் பக்கம் சாய்வார்.

"அவருக்கு நாலு பைபாஸ்" என்றதும் நாலு முறை நெஞ்சைத் திறந்ததாக நினைப்பவர்கள் உண்டு. திறந்தது ஒரே முறை, ஒட்டு நாலு.