சோற்று வரிசையில் வாய்ப்பாடு கேட்காதீர்கள்

போன வாரம் ஒரு தொடக்கப் பள்ளிக்குப் பார்வைக்குச் சென்றிருந்தேன். ஊரும் பெயரும் வேண்டாம். மதிய மணி அடித்ததும் இரண்டாம் வகுப்புப் பிள்ளைகள் தட்டோடு வரிசையில் நின்றார்கள். வரிசையின் முன்னால் அவர்களுடைய ஆசிரியை. ஒவ்வொரு பிள்ளையிடமும் ஒரு வாய்ப்பாட்டுக் கேள்வி. சரியாகச் சொன்னால் சாப்பாட்டுக்குப் போகலாம், தவறினால் வரிசையின் கடைசிக்குப் போக வேண்டும். ஒரு சிறுவன் மூன்று முறை கடைசிக்குப் போனான். மூன்றாம் முறை ஆசிரியை கேட்டது அவன் காதில் விழுந்ததாகவே தெரியவில்லை. சாம்பார் வாளியையே பார்த்துக்கொண்டு நின்றான்.

"அன்றாட வேலையோடு பாடத்தை இணைக்கச் சொல்லி நீங்கள்தானே பயிற்சியில் சொன்னீர்கள்?" என்றார் ஆசிரியை, மகிழ்ச்சியாகவே. எனக்கு வாய் அடைத்துவிட்டது. இந்த ஆண்டில் இப்படி நடப்பதை நான் பார்த்த நான்காவது பள்ளி இது. ஒரு வகுப்பில் எதிர்ச்சொல் சொன்னால்தான் கழிப்பறைக்கு அனுமதி. இன்னொன்றில் குறள் ஒப்பித்தால்தான் வீட்டுக்குப் புறப்படலாம்.

ஆகவே ஒருமுறை விளக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ஒரு வேலையின் வாசலில் கேள்வியைக் காவலுக்கு நிறுத்துவதற்குப் பெயர் இணைப்பு இல்லை, சுங்கச்சாவடி. அங்கே பாடத்துக்கும் வேலைக்கும் எந்த உறவும் கிடையாது. நான்கு எட்டு முப்பத்திரண்டு என்று சொல்லாவிட்டால் சோறு வேகாதா? எதிர்ச்சொல் தெரியாத பிள்ளைக்குச் சிறுநீர் முட்டாதா? பசியும் அவசரமும் இருக்கும் நேரத்தில் குழந்தை எதையும் கற்பதில்லை. கணக்கு என்றால் சோறு தாமதமாகும் என்பதை மட்டும் நன்றாகக் கற்றுக்கொள்கிறது. வாய்ப்பாடு தெரிந்த பிள்ளைக்கும் அதில் புதிதாக ஒன்றும் கிடைப்பதில்லை. தெரியாத பிள்ளைக்குத்தான் பயிற்சி தேவை; அவனைத்தான் கடைசிக்குத் துரத்துகிறோம்.

எது இணைப்பு என்று சோதிக்க ஒரே கேள்வி போதும்: விடை தெரியாவிட்டால் அந்த வேலை நின்றுபோகுமா? இன்று எத்தனை முட்டை வேண்டும் என்று சமையலறைக்குச் சொல்லியாக வேண்டும். வகுப்பில் 28 பேர், 3 பேர் வரவில்லை, முட்டை சாப்பிடாதவர் 2 பேர், அவர்களுக்கு வாழைப்பழம். 23 என்ற விடை வராமல் வேலை நகராது. கழித்தல் அதற்குள்ளேயே இருக்கிறது, நாம் கொண்டுபோய் ஒட்ட வேண்டியதில்லை. இரண்டாம் வகுப்புப் பிள்ளை ஒருத்தி "இன்று 25 பேர். முட்டை 23. வாழைப்பழம் 2." என்று சீட்டு எழுதிச் சத்துணவு அமைப்பாளரிடம் கொடுத்துவிட்டு வரட்டும். எழுத்துப் புரியாவிட்டால் அவரே திருப்பிக் கேட்பார். நம் சிவப்பு மைக்கு அந்த வலிமை கிடையாது.

வருகைப் பதிவுக்கு வருகிறேன். "முதலில் இதையெல்லாம் முடித்துவிட்டுப் பாடத்துக்கு வருகிறேன்" என்று சொல்லாத ஆசிரியர் அரிது. கணக்குப் போட்டுப் பாருங்கள். கல்வி உரிமைச் சட்டம் ஒன்று முதல் ஐந்தாம் வகுப்பு வரை ஆண்டுக்கு 200 வேலை நாள், 800 கற்பித்தல் மணி நேரம் என்கிறது. வருகை, வரிசை, தண்ணீர், நோட்டு வழங்குதல் என்று நாளுக்கு அரை மணி போனால் ஆண்டுக்கு 100 மணி. எட்டில் ஒரு பங்கு! அதைப் பாடமாக்காமல் விட்டுவிட்டு, பாடம் முடியவில்லை என்று புலம்புகிறோம்.

சமையலறையில் முட்டை வரும் அட்டை இருக்கிறதே, அதில் 5க்கு 6 என்று 30 குழி. இரண்டிரண்டு வரிசையாக மூன்று துண்டாக வெட்டினால் ஒவ்வொன்றிலும் 10 குழி. காலையில் வரும் பிள்ளை ஒரு புளியங்கொட்டையைக் குழியில் போட்டுவிட்டு உட்காரட்டும். இரண்டு துண்டு நிறைந்து மூன்றாவதில் ஐந்து இருந்தால், இரண்டு பத்து, ஐந்து ஒன்று என்பது கண்ணெதிரே இருக்கும். இடமதிப்புக்கு இதைவிட நல்ல கரும்பலகை எனக்குத் தெரியாது. பதிவேட்டையும் செல்பேசிச் செயலியையும் நீங்கள்தான் நிரப்ப வேண்டும். அந்தச் சுமையைக் கொட்டை குறைக்காது.

2022இல் தமிழக அரசின் 'எண்ணும் எழுத்தும்' திட்டம் வந்ததிலிருந்து பிள்ளைகளைக் கற்றல் நிலைப்படி அரும்பு (தொடக்க நிலை), மொட்டு (இடைநிலை), மலர் (மேல்நிலை) என்று பிரித்துப் பழகிவிட்டோம் அல்லவா? அதே அட்டையில் அரும்புப் பிள்ளை எண்ணட்டும், மொட்டுப் பிள்ளை வராதவர்களைக் கழித்துச் சொல்லட்டும், மலர்ப் பிள்ளை "நேற்று 27 பேர் வந்தார்கள், இன்று 25 பேர் வந்திருக்கிறார்கள்" என்று எழுதட்டும். காலமும் பன்மை விகுதியும் அங்கேயே வந்துவிடுகின்றன. ஈராசிரியர் பள்ளியில் மூன்று வகுப்பை ஒன்றாக உட்கார வைத்திருப்பவருக்கு இது பெரிய உதவி.

பாடக்குறிப்பில் எழுதும்போது சிலவற்றைக் கவனியுங்கள். ஒரு வேலைக்கு ஒரே கருத்து. வருகைக்குள் கணக்கு, தமிழ், சுற்றுச்சூழல், நன்னெறி என்று நான்கையும் திணித்தால் பதினோரு மணிக்கும் வருகை முடியாது. முதல் வாரம் பாடமே வேண்டாம். கொட்டையை எங்கே எடுப்பது, எப்படிப் போடுவது, தள்ளாமல் எப்படி நகர்வது என்பது மட்டும். புதுப் பழக்கத்தையும் புதுக் கணக்கையும் ஒரே நாளில் தொடங்கினால் இரண்டும் கெடும். கழித்தலை முறையாக வகுப்பில் நடத்திய பிறகே முட்டைச் சீட்டுக்கு வாருங்கள். பிள்ளைகள் அட்டையைப் பார்க்காமலே விடையைக் கத்தத் தொடங்கினால் அது சலித்துவிட்டது என்று பொருள். மூன்றாம் வகுப்பென்றால் வாரத்தின் வருகையைப் பட்டை வரைபடமாக வரையச் சொல்லுங்கள், திங்கட்கிழமை ஏன் குறைகிறது என்று கேளுங்கள்.

இன்று யார் வரவில்லை என்று கேளுங்கள். ஏன் வரவில்லை என்று வகுப்பு நடுவே கேட்காதீர்கள். அப்பாவோடு செங்கல் சூளைக்குப் போன பிள்ளையின் கதை எல்லார் முன்னாலும் வர வேண்டியதில்லை.

தட்டோடு நிற்கும் பிள்ளையிடம் எதையும் கேட்க வேண்டாம், தயவுசெய்து. கணக்கை மணி அடிப்பதற்கு முன்பே முடித்துவிடுங்கள். அந்த ஆசிரியையிடமும் இதைத்தான் சொன்னேன். கொஞ்சம் வருந்தினார், கொஞ்சம் கோபப்பட்டார். கிளம்பும்போது சமையலறையிலிருந்து இரண்டு காலி அட்டைகளைக் கேட்டு வாங்கி அவருடைய மேசையில் வைத்துவிட்டு வந்தேன். கத்தரிக்கோல் அவரிடம் இருந்தது.