சூரியனை எடிட்ல கொண்டு வர முடியாதுங்க

ஸ்கூல் லீவு முடிஞ்சதும் எங்க ஸ்டுடியோவுக்கு ஒரு சீசன் வரும், தீம் பார்க் போட்டோ சீசன்னு நானே பேர் வெச்சிருக்கேன். பென் டிரைவ்லயும் வாட்ஸப்லயும் வந்து குவியும். முக்கால்வாசி சாயங்காலம் எடுத்தது, பின்னாடி ஜெயன்ட் வீல், முன்னாடி குடும்பம், வானம் இருக்க வேண்டிய இடத்துல வெள்ளைப் பேப்பர். "அண்ணா, அன்னைக்கு வானம் செம கலரா இருந்துச்சு, போன்ல தான் சரியா விழல, நீங்க எடிட்ல கொண்டு வந்துடுங்க." கேட்டு கேட்டு காது புளிச்சுப் போச்சு.

போன வாரம் வந்த ஒரு படத்தோட பொறுமை போயிடுச்சு, அதான் இதை எழுத உக்காந்தேன். சென்னை ஈசிஆர்ல (கிழக்குக் கடற்கரைச் சாலை) ஒரு பார்க்ல எடுத்தது, கடல் பக்கம் பாத்து. அப்பா அம்மா கல்யாண நாளுக்கு 12க்கு 18 ஃபிரேம் போடணுமாம். வானம் வெளிறிப் போய் சப்புன்னு இருந்துச்சுன்னு பையன் ஏதோ ஆப்ல வானத்தையே மாத்திட்டான், தகதகன்னு ஆரஞ்சு சூரியன், பாதி கடலுக்குள்ள இறங்கிட்டு இருக்கு. தம்பி, அது வங்காள விரிகுடா! மெட்ராஸ்ல சூரியன் கடல்லேர்ந்து கிளம்பித் தான் பாத்திருக்கோம், கடல்ல எப்ப விழுந்துச்சு? அதுவும் படத்துல எல்லார் மூஞ்சியிலயும் மஞ்ச வெயில் நேரா அடிக்குது, அம்மா கண்ணைச் சுருக்கிட்டு நிக்கறாங்க, நிழல் அவங்களுக்குப் பின்னாடி கடல் பக்கமா நீண்டு விழுது, அப்போ வெயில் போட்டோ எடுத்தவன் முதுகுப் பக்கத்துலேர்ந்து வருதுன்னு தானே அர்த்தம். முன்னாடி ஒரு சூரியன், பின்னாடி ஒரு சூரியன். சரி அசல் ஃபைலைக் குடுப்பா, நான் பாத்துக்கறேன்னு கேட்டா, அதுமேலயே சேவ் பண்ணிட்டானாம்.

2020 அக்டோபர்ல போட்டோஷாப்லயே வானம் மாத்துற வசதி வந்துச்சு, இப்ப எல்லா போன்லயும் ஒரு தட்டுல நடக்குது. நடக்கட்டும், நானும் தொழிலுக்கு யூஸ் பண்றவன் தான். ஆனா வெளிச்சம் எந்தப் பக்கத்துலேர்ந்து வருதுன்னு ஒரு தடவை பாத்துட்டு மாத்துங்கப்பா.

வானத்தை மாத்தினவங்க கதை இது. மாத்தாம என்கிட்ட கொண்டு வந்து "கொண்டு வந்துடுங்க"ன்னு சொல்றவங்களுக்கு ஒரு விஷயம் தெளிவா சொல்லிடறேன். வெளுத்துப் போன வானம் ஃபைலுக்குள்ள எங்கயோ ஒளிஞ்சிட்டு இல்ல. கேமராவுக்குள்ள வெளிச்சத்தைப் பிடிக்கிற சென்சார்ல இருக்கிற ஒவ்வொரு பிக்சலும் ஓரளவு வெளிச்சம் தான் தாங்கும். மோட்டார் போட்டுட்டு மறந்துட்டீங்க, மொட்டை மாடி டேங்க் நிரம்பி வழிஞ்சு போச்சு, அப்புறம் டேங்கைத் திறந்து பாத்தா எவ்ளோ வழிஞ்சுச்சுன்னு சொல்ல முடியுமா? நிரம்பியிருக்குன்னு தான் தெரியும். அதே தான் இங்கயும். பிரகாசமான மேகமும், அதைவிட பிரகாசமான மேகமும், சூரியனும், எல்லாமே 255ன்னு, ஃபைல்ல இருக்கிற உச்ச நம்பர் அது, ஒரே நம்பரா பதிவாகி உக்காந்திருக்கும். எடிட்ல வெளிச்சமான இடத்தை மட்டும் குறைக்கிற ஹைலைட் ஸ்லைடரை மைனஸ் 100 வரைக்கும் இழுங்க, வெள்ளை போய் அழுக்கு சாம்பல் கலர் வரும், மேகம் வராது. எனக்கும் வராது, எவ்ளோ காசு குடுத்தாலும் வராது.

இதைச் சொன்னா அடுத்த கேள்வி ரெடியா இருக்கும், "நான் ரா-ல எடுத்திருக்கேனே சார்". காஸ்ட்லி கேமரா வெச்சிருக்கிறவங்க கேக்கறது. ரா-ன்னா சென்சார் பிடிச்சதை அப்படியே வெச்சிருக்கிற ஃபைல், ஜேபெக்னா சுருக்கின சாதாரண போட்டோ ஃபைல். ஜேபெக்ல ஒரு கலருக்கு 256 படி, 14 பிட் ரா-ல 16,384 படி, உண்மை தான். ஆனா அந்தப் படியெல்லாம் உச்சத்துக்குக் கீழ இருக்கிறது, உச்சத்தைத் தாண்டினதுக்கு எத்தனை பிட் இருந்தாலும் இடம் கிடையாது. கேமரா பின்னாடி தெரியற ஹிஸ்டோகிராம் (இருட்டு இடது பக்கம், வெளிச்சம் வலது பக்கம்னு காட்டற வரைபடம்) ஜேபெக் கணக்குல காட்டறதால ரா-ல கொஞ்சம் கூடுதலா, ஒரு ஸ்டாப் (ஒரு ஸ்டாப்னா வெளிச்சம் ரெண்டு மடங்கு) மாதிரி கிடைக்கலாம். அதை நம்பி வானத்தை மூணு ஸ்டாப் ஓவரா எடுத்துட்டு வந்தா?

சூரிய அஸ்தமனத்துல இன்னொரு வம்பு இருக்கு, இது எங்க ஆளுங்களே நிறைய பேர் கவனிக்கறதில்ல. அந்த நேரத்து வெளிச்சத்துல சிவப்பு அதிகம், அதனால சிவப்பு சேனல் தான் முதல்ல நிரம்பும். வெறும் வெள்ளை ஹிஸ்டோகிராம் மட்டும் பாத்தா எல்லாம் நல்லாருக்கற மாதிரி தெரியும், ஆர்ஜிபி, அதாவது சிவப்பு பச்சை நீலம் தனித்தனியா போட்டுப் பாருங்க, சிவப்பு வலது சுவத்துல போய் இடிச்சிட்டு நிக்கும். அப்புறம் எடிட்ல பாத்தா சூரியனைச் சுத்தி வட்டம் வட்டமா மஞ்சத் திட்டு. அது பூசின மாதிரி இருக்கும், இதமான ஆரஞ்சு வரவே வராது.

இருட்டு அப்படி இல்ல. கருப்பா விழுந்த மூஞ்சியை, ரைடை, மரத்தை எல்லாம் ரெண்டு ஸ்டாப் வரைக்கும் தூக்கிடலாம், கொஞ்சம் புள்ளி புள்ளியா நாய்ஸ் வரும், அதைக் குறைக்க ஆயிரம் வழி இருக்கு. அதனால தான் திரும்பத் திரும்பச் சொல்றேன், வானத்துக்கு எக்ஸ்போஸ் பண்ணுங்க, அதாவது வானம் வெளுக்காத அளவுக்கு வெளிச்சத்தை வைங்க, ஆளுங்களை அப்புறம் தூக்கிக்கலாம். போன்ல சூரியனுக்குப் பக்கத்துல இருக்கிற வானத்துல விரலை அழுத்திப் பிடிங்க, லாக் ஆகும், அப்புறம் அந்தக் குட்டி சூரியன் ஐகானைக் கீழ இழுங்க. நீங்க சும்மா இருந்தா போன் மூஞ்சியைக் கண்டுபிடிச்சு மூஞ்சிக்குத் தான் வெளிச்சம் வைக்கும், வானம் போயிடும். கேமரான்னா எக்ஸ்போஷர் காம்பன்சேஷனை (வெளிச்சத்தைக் கூட்டிக் குறைக்கிற செட்டிங்) மைனஸ் ஒண்ணுல ஆரம்பிச்சு, வெளுத்துப் போற இடத்தைக் காட்டற ஹைலைட் அலர்ட் மினுக்கறது நிக்கற வரைக்கும் குறைங்க. சூரியன் தட்டு மட்டும் மினுக்கினா விட்டுடுங்க, அது எப்படியும் வெள்ளை தான்.

நேரம் பத்தி ஒரு வார்த்தை. யூட்யூப்ல வெளிநாட்டுக்காரன் கோல்டன் ஹவர்னு (அஸ்தமனத்துக்கு முன்னாடி வர்ற தங்க வெளிச்சம்) சாவகாசமா நடந்து நடந்து எடுக்கறான், அதைப் பாத்துட்டு நம்ம ஊர்ல பஜ்ஜி சாப்பிட்டுட்டு வரலாம்னு போனா முடிஞ்சு போயிருக்கும். சென்னைல நவம்பர்ல 5:40 வாக்குல, ஜூலைல 6:40 வாக்குல சூரியன் மறையும், பூமத்திய ரேகைக்குப் பக்கத்துல இருக்கிறதால சரிஞ்சு போகாம செங்குத்தா இறங்கிடும், அப்புறம் மிஞ்சிப்போனா ஒரு 20, 25 நிமிஷம் நல்ல வெளிச்சம். அந்த நேரத்துல தான் வானத்து நீலமும் ரைடு லைட்டும் சமமா வரும், என்னைக் கேட்டா சூரியன் இருக்கிறப்ப எடுக்கறதைவிட மறைஞ்ச பத்தாவது நிமிஷம் எடுக்கறது தான் பெஸ்ட். ஆனா அந்த நேரத்துல எல்லாரும் கேட்டைப் பாத்து ஓடிட்டு இருப்பாங்க, இல்லன்னா பார்க்கே மூடியிருக்கும், மூடுற நேரத்தைப் பாத்துட்டுப் போங்க. மேட்டுப்பாளையம் பிளாக் தண்டர் மாதிரி மலை அடிவாரத்துல இருந்தா காலண்டர் நேரத்தை நம்பாதீங்க, நீலகிரிக்குப் பின்னாடி வெயில் சீக்கிரமே போயிடும்.

திசையும் அப்படித் தான். ஈசிஆர்ல விஜிபி மாதிரி கடலோரத்துல இருக்கிற பார்க்னா சாயங்காலம் கேமராவைக் கடல் பக்கம் காட்டினா ஆளுங்க மூஞ்சியில வெயில் கிடைக்கும், ரோட்டுப் பக்கம் காட்டினா சில்அவுட் (வெளிச்சத்துக்கு முன்னாடி ஆள் கருப்பு உருவமா தெரியறது) கிடைக்கும், எது வேணும்னு முடிவு பண்ணிட்டு நில்லுங்க, ஒரே படத்துல ரெண்டும் கேக்காதீங்க. அமெரிக்கால இருக்கிற சொந்தக்காரங்க ஆர்லாண்டோ மேஜிக் கிங்டம் படம் அனுப்பி கேப்பாங்க, அங்க மெயின் ஸ்ட்ரீட்லேர்ந்து கோட்டையைப் பாத்தா நீங்க வடக்கப் பாத்து நிக்கறீங்க, அஸ்தமனம் எப்பவும் இடது கைப்பக்கம், குளிர்காலத்துல கோட்டை முகப்புல வெயில் விழும், கோடைல சூரியன் கொஞ்சம் பின்னாடி போயிடும். இதைத் தெரிஞ்சுக்க மேப்பும் திசைகாட்டியும் போதும், அது ரெண்டும் எல்லார் போன்லயும் இருக்கு.

ஓடற ரோலர் கோஸ்டரை சில்அவுட்டா உறைய வைக்கணும்னா ஷட்டரை 1/1000 செகண்ட் வைங்க. ஜெயன்ட் வீல் லைட்டு வட்டமா சுத்தற மாதிரி வேணும்னா ஒண்ணு ரெண்டு செகண்ட், ஐஎஸ்ஓ (சென்சார் வெளிச்சத்தை எவ்ளோ கூட்டிக் காட்டணும்ங்கற அளவு) 100, கையில பிடிக்காதீங்க, ஒரு கட்டைச் சுவர்ல வெச்சு டைமர் போடுங்க. போன்ல ஹெச்டிஆர் நாலஞ்சு படத்தை எடுத்துச் சேக்கறது, ரைடு ஓடிட்டு இருந்தா ஒரு பெட்டி மூணு பெட்டியா பேய் மாதிரி தெரியும். லைட்டுல கோடு கோடா வருதுன்னா கேமரா ரிப்பேர் இல்ல, நம்ம ஊர் கரண்ட் 50 ஹெர்ட்ஸ், ஷட்டரை 1/50 இல்ல 1/100ல வெச்சா பெரும்பாலும் போயிடும், அமெரிக்கான்னா 1/60 இல்ல 1/120.

இப்ப கோவமா சொல்ல வேண்டியது. ரைடுல உக்காந்துட்டு போன் எடுக்காதீங்க. உங்க போன் போனா போகட்டும், அவ்ளோ உயரத்துலேர்ந்து அது கீழ நிக்கிற குழந்தை தலையில விழுந்தா? டிஸ்னி பார்க்குகள்ல 2015லயே செல்ஃபி ஸ்டிக்கைத் தடை பண்ணிட்டாங்க, நம்ம ஊர்ல ஆபரேட்டர் சொன்னா "ஒரே ஒரு போட்டோ ப்ரோ"ன்னு அவர்கிட்டயே பேரம்.

பழைய டிஎஸ்எல்ஆர்ல (உள்ள இருக்கிற கண்ணாடி லென்ஸ் வெளிச்சத்தை நேரா கண்ணுக்கு அனுப்பற கேமரா) பெரிய ஜூம் லென்ஸ் போட்டு கண்ணை வெச்சு சூரியனைப் பாக்காதீங்க. விழித்திரை சுடறது வலிக்காது, அதான் ஆபத்து, தெரியும்போது லேட். மானிட்டர்ல பாத்து எடுங்க. அந்தக் கண்ணாடி இல்லாத மிரர்லெஸ் கேமராவை லென்ஸ் மூடி இல்லாம பெஞ்சுல வானத்தைப் பாக்க வெச்சுட்டு சாப்பிடப் போறது, லேசர் ஷோல கதிர் நேரா லென்ஸுக்குள்ள வர்ற இடத்துல நிக்கிறது, ரெண்டும் சென்சாருக்கு உலை வைக்கிற வேலை. தண்ணி தாங்கும்னு போட்டிருக்கிற போனை வேவ் பூல்ல இறக்காதீங்க, அந்த டெஸ்ட் நல்ல தண்ணியில பண்றது, குளோரின் தண்ணிக்கு எவனும் கியாரண்டி குடுக்கலை.

வேவ் பூல்னதும் ஞாபகம் வருது. உங்க படத்துல பின்னாடி நனைஞ்ச டிரஸ்ல நிக்கிற பொண்ணுங்க, அடுத்த வீட்டுக் குழந்தைங்க, இவங்களை வெட்டாம ஸ்டேட்டஸ் போடாதீங்க. தயவு செஞ்சு. உங்க வீட்டுப் பொண்ணு இன்னொருத்தன் போன்ல அப்படி இருந்தா உங்களுக்கு எப்படி இருக்கும்?

எடிட்டிங்ல நான் அதிகம் திருத்த வேண்டி வர்றது கலர். ஆட்டோ ஒயிட் பேலன்ஸ் (வெள்ளை வெள்ளையா தெரிய கேமராவே கலரைச் சரி பண்றது) அந்த ஆரஞ்சைப் பாத்து, ஏதோ தப்புன்னு நினைச்சு பாதியைக் கழிச்சிடும். வீட்டுக்கு வந்து கலரே இல்லையேன்னு எல்லா கலரையும் ஏத்தற சேச்சுரேஷனைக் கடைசி வரைக்கும் தள்ளுவாங்க, வானத்தோட சேந்து பாட்டி மூஞ்சியும் மஞ்சள் பூசினாப்ல ஆயிடும். எடுக்கும்போதே ஒயிட் பேலன்ஸை டேலைட்ல வெச்சிடுங்க, பாதிப் பிரச்சனை அங்கயே தீரும். சேச்சுரேஷனுக்குப் பதிலா வைப்ரன்ஸ் (மங்கலான கலரை மட்டும் அதிகமா ஏத்தறது), அதுவும் கொஞ்சமா, வானத்துக்கு மட்டும் மாஸ்க் போட்டு, அதாவது வானத்தை மட்டும் தேர்ந்தெடுத்து. மங்கலைப் போக்குற டீஹேஸை ஏத்தினா ஜெயன்ட் வீல் கம்பியைச் சுத்தி வெள்ளை விளிம்பு வரும், போன் ஸ்கிரீன்ல தெரியாது, 12க்கு 18ல பளிச்சுன்னு தெரியும்.

ராத்திரி இருட்டுல போன் பிரைட்னஸை ஃபுல்லா வெச்சு எடிட் பண்ணிட்டு, பிரிண்ட் கருப்பா வந்துச்சுன்னு லேப்காரனோட சண்டைக்கு நிக்காதீங்க. பேப்பர் தானா எரியாது, ஸ்கிரீன் எரியும். பிரைட்னஸ் பாதியில வெச்சு எடிட் பண்ணுங்க, எஸ்ஆர்ஜிபில (ஸ்கிரீனும் லேபும் பொதுவா எதிர்பாக்கிற கலர் முறை) சேவ் பண்ணுங்க.

பிரிண்டுக்கு அனுப்பும்போது வாட்ஸப்ல போட்டோவா அனுப்பாதீங்க, அது நசுக்கிடும், டாக்குமென்ட்டா அனுப்புங்க. 12க்கு 18 நல்லா வரணும்னா 3600க்கு 5400 பிக்சல் இருக்கணும், ஃபார்வர்ட் ஆகி ஃபார்வர்ட் ஆகி வந்த படத்துல அதுல கால்வாசி கூட இருக்காது. எடிட் பண்ணதை காப்பியா சேவ் பண்ணுங்க, அசலைத் தொடாதீங்க, ஆல்பம் கைக்கு வர்ற வரைக்குமாவது டெலீட் பண்ணாதீங்க. அந்தத் தம்பியோட அக்கா போன்ல அதே இடத்துல எடுத்த இன்னொரு படம் இருக்காம், எடிட் எதுவும் பண்ணாம அனுப்பச் சொல்லியிருக்கேன், வானம் வெளிறி இருந்தாலும் பரவாயில்ல.