மணல் பாதையில் நான்கு சக்கரமும் சுழன்றால் போதுமா?

ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்து மாநிலக் கரையை ஒட்டி 120 கிலோமீட்டருக்கு மேல் நீளும் ஒரு தீவு இருக்கிறது. ஃபிரேசர் தீவு என்று நெடுங்காலம் வழங்கிய அதற்கு, பட்சுல்லா பழங்குடி மக்கள் இட்ட கர்ரி என்ற பெயர் 2023-இல் அரசு முறைப்படி திரும்பியது. உலகின் மிகப் பெரிய மணல் தீவு அதுதான். 1992 முதல் உலகப் பாரம்பரியக் களமாகவும் இருக்கிறது. அந்த மணலின் மேலேயே மழைக்காடு வளர்ந்து நிற்கிறது. 1991 வரை அங்கே மரம் வெட்டினார்கள். தடிகளை ஏற்றிச் செல்லப் போட்ட வழிகள் பலவற்றில்தான் இன்று சுற்றுலா வண்டிகள் ஓடுகின்றன. ஒரு வண்டி அகலம், இருபுறமும் மரம், கீழே ஆழமான சக்கரத் தடம். உள்வழிகளில் வேக வரம்பு மணிக்கு 30 கிலோமீட்டர். நான்கு சக்கரமும் இழுக்கும் வண்டிகளுக்கு மட்டுமே அனுமதி. அப்படி இருந்தும் வண்டிகள் சிக்குகின்றன. பெரும்பாலும் எஞ்சினில் குறை இருக்காது. டயரில் காற்று அதிகமாக இருக்கும், அல்லது ஓட்டுபவரின் கால் ஆக்சிலரேட்டரில் அதிகமாக அழுந்தியிருக்கும்.

உலர்ந்த மணல் துகள்களைப் பிணைக்கும் பசை எதுவும் கிடையாது. ஒன்றோடொன்று உராய்ந்து நிற்பதுதான் மணலின் பலம். மேலிருந்து சீராக அழுத்தினால் துகள்கள் நெருங்கிப் பூட்டிக்கொள்ளும். பக்கவாட்டில் இழுத்தால் உருண்டு விலகிவிடும். கொஞ்சம் ஈரம் சேர்ந்தால் கதை மாறுகிறது: துகளுக்கும் துகளுக்கும் நடுவே மெல்லிய நீர்ப்பாலம் உண்டாகி, நீரின் பரப்பு இழுவிசை இரண்டையும் சேர்த்துப் பிடிக்கிறது. மெரினாவில் நடந்தவர்களுக்கு இது காலுக்கே தெரிந்த விஷயம். மேட்டு மணலில் பாதம் புதையும், அலை வந்து போன ஈர மணலில் புதையாது. ஆனால் இடைவெளி முழுக்க நீர் நிரம்பிவிட்டால் அந்தப் பாலங்கள் மறைந்து மணல் குழைந்துவிடும். அதனால்தான் மழை பெய்த மறுநாள் காட்டு வழி கெட்டியாக இருக்கிறது, பல வாரம் வெயில் காய்ந்தபின் அதே வழி மாவாகிவிடுகிறது. அடர்ந்த நிழலில் ஈரம் தங்கும். மரக்கூரை திறந்து வெயில் நேரே விழும் இடங்களில், குறிப்பாக மேடுகளின் உச்சியில், திடீரென்று வண்டி இழுக்க மறுக்கும். முன்னால் பார்க்கும்போது மணலின் நிறத்தைக் கவனியுங்கள். வெளுத்திருந்தால் உலர்ந்தது.

தார்ச்சாலையில் சக்கரம் உருளத் தேவைப்படும் விசை வண்டி எடையில் ஏறத்தாழ 100-இல் ஒரு பங்கு. தளர்ந்த மணலில் அது 4-இல் ஒரு பங்கு வரை போகலாம். சக்கரம் புதைந்து, முன்னால் குவியும் மணலைத் தள்ளிக்கொண்டே போவதால் வரும் சுமை இது. 4 மீட்டருக்கு 1 மீட்டர் உயரும் ஏற்றத்தில் ஓயாமல் ஏறுவதற்குச் சமம் என்று கணக்கு வைத்துக்கொள்ளலாம். எவ்வளவு குறைவாகப் புதைகிறோமோ அவ்வளவு சுமை குறையும். புதைவதைக் குறைக்கும் முதல் கருவி, டயரின் வால்வு.

கணக்கைப் பாருங்கள். சாமானோடு 2,400 கிலோ எடையுள்ள வண்டி, ஒரு சக்கரத்துக்கு 600 கிலோ. டயரில் 36 பி.எஸ்.ஐ. காற்று இருந்தால் அது சதுர செ.மீ.-க்குச் சுமார் 2.5 கிலோ அழுத்தம். அந்த 600 கிலோவைத் தாங்க ஏறத்தாழ 240 சதுர செ.மீ. தரைத்தொடுகை போதும், டயரும் அவ்வளவுதான் தட்டையாகும். காற்றை 18 பி.எஸ்.ஐ.-க்குக் குறைத்தால் தொடுபரப்பு ஏறக்குறைய 480 சதுர செ.மீ. ஆகிறது. டயரின் ரப்பர் விறைப்பும் கொஞ்சம் எடையைத் தாங்குவதால் உண்மை எண் சற்று மாறும், விகிதம் அதுவேதான். டயர் அகலமாகிறது என்றே பலரும் நினைக்கிறார்கள். அகலம் கொஞ்சந்தான் கூடும், நீளந்தான் வெகுவாகக் கூடும். டயர் ஒரு குட்டி டேங்க் சங்கிலிபோல நீண்டு படிந்து, மணலைத் தள்ளாமல் அதன்மேல் ஏறிப் போகிறது. 1929-இல் லிபியப் பாலைவனத்தில் ஃபோர்டு கார்களை ஓட்டிச் சென்ற ஆங்கிலேயப் படை அதிகாரி ரால்ஃப் பேக்னல்டும் காற்றைக் குறைத்துத்தான் மணல் மேடுகளைக் கடந்தார். சக்கரத்தின் கீழ் இட எஃகுத் தகடுகளையும் கூடவே கொண்டுபோனார். இன்றைய பிளாஸ்டிக் மணல் தட்டுகள் அவற்றின் வாரிசுகள்.

எவ்வளவு குறைப்பது? நடுத்தர எடை வண்டிக்கு 18 முதல் 20 பி.எஸ்.ஐ. நல்ல தொடக்கம். சுமை அதிகமென்றால் பின்சக்கரங்களில் 2 பி.எஸ்.ஐ. கூட்டி வையுங்கள். அதன்பிறகும் வண்டி திணறினால் 15-16. அதற்குக் கீழே போவது சிக்கியபின் மீள்வதற்கு மட்டும், அதுவும் ஆமை வேகத்தில். காற்று குறையக் குறைய டயரின் விளிம்பை ரிம்மோடு அழுத்திப் பிடிக்கும் விசையும் குறைகிறது. அந்த நிலையில் சட்டென்று ஸ்டியரிங்கைத் திருப்பினால் விளிம்பு ரிம்மை விட்டு நழுவி, ஒரே நொடியில் காற்று முழுதும் போய்விடும். இன்னொன்று: நெடுஞ்சாலையில் வந்த சூட்டோடு டயரில் அழுத்தம் சில பி.எஸ்.ஐ. கூடியிருக்கும். அப்போது 18-இல் நிறுத்தினால் ஆறியபின் 15-க்கு அருகில் இறங்கிவிடும். சூட்டில் அளப்பதாக இருந்தால் 2 முதல் 4 பி.எஸ்.ஐ. கூடுதலாக விட்டு வையுங்கள். பெட்ரோல் பங்கில் உள்ள மீட்டரை நம்பாமல் சொந்தமாக ஒரு கேஜ் வைத்துக்கொள்வது அவசியம். இந்த வேலையில் 3 பி.எஸ்.ஐ. பிழைகூடப் பெரிது.

மணல் தொடங்கும் முன்பே நான்கு சக்கர இயக்கத்துக்கு மாற்றிவிடுங்கள், சிக்கியபின் அல்ல. முன் சக்கரங்களின் ஹப்பை (சக்கரத்தின் நடுக்குடம்) கையால் பூட்ட வேண்டிய பழைய வண்டியானால் இறங்கி அதைப் பூட்டியாக வேண்டும். எஞ்சினின் விசையை இடது, வலது சக்கரங்களுக்குப் பிரித்துக் கொடுக்கும் பல்சக்கரத் தொகுதிதான் டிஃப்பரன்ஷியல். சாதாரண டிஃப்பரன்ஷியல் ஒரே ஆக்சிலின் (அச்சின்) இரு சக்கரங்களுக்கும் ஒரே அளவு முறுக்குவிசையைத்தான் பகிரும். ஒரு சக்கரம் பிடி இழந்து சுழன்றால் மறுசக்கரத்துக்கும் அந்தச் சொற்ப விசையே கிடைக்கும். முன்னும் பின்னும் இப்படி ஒவ்வொரு சக்கரம் சுழன்றால், நான்கு சக்கர வண்டியும் அசையாமல் நிற்கும். இரு சக்கரங்களையும் ஒரே வேகத்தில் சுழலவைக்கும் பூட்டான டிஃப் லாக் உள்ள வண்டியில் அதை நேரான பாதையில் மட்டும் போடுங்கள், பூட்டியிருக்கும்போது வண்டி திரும்ப அடம்பிடிக்கும். மின்னணு நிலைப்புக் கட்டுப்பாடு சக்கரம் சறுக்குவதை ஆபத்தாக எண்ணி எஞ்சின் விசையைக் குறைத்துவிடும். மணலில் விசை வேண்டிய நேரத்தில் அது கையைக் கட்டிவிடுவதால், வண்டியின் மணல் முறையைத் தேர்ந்தெடுங்கள், அல்லது கையேடு சொல்வதுபோல் அணைத்துவையுங்கள். கெட்டித் தரைக்கு வந்ததும் திரும்பப் போட மறக்கக் கூடாது.

ஓட்டும்போது கியரை மாற்றும் அந்த ஒரு நொடியில்கூட மணல் வண்டியின் வேகத்தைத் தின்றுவிடும். எனவே மென்மையான பகுதி வரும் முன்பே ஏற்ற கியரில் இருங்கள்: உயர் ரேஞ்சில் (வழக்கமான கியர் வரிசை) இரண்டாவது அல்லது மூன்றாவது, ரொம்பத் தளர்வென்றால் தாழ் ரேஞ்சில் (வேகம் குறைந்து இழுவிசை கூடும் வரிசை) இரண்டு, மூன்று. ஆட்டோமேட்டிக் வண்டியில் கைமுறைக்கு மாற்றி கியரைப் பிடித்து வையுங்கள். ஆக்சிலரேட்டர் சீராக இருக்க வேண்டும். முன்னே போன வண்டியின் தடம் ஏற்கெனவே அழுந்திக் கெட்டிப்பட்டது, அதிலேயே போங்கள். ஆழத் தடத்துக்குள் ஸ்டியரிங்கைத் திருப்பினாலும் வண்டி நேரேதான் போகும். திரும்பவில்லையே என்று மேலும் திருப்பிவைத்தால், தடத்தின் சுவர் தாழும் இடத்தில் வண்டி பாய்ந்து வெளியேறி மரத்தில் மோதும். அவ்வப்போது ஜன்னல் வழியே எட்டி, முன்சக்கரம் எந்தப் பக்கம் பார்க்கிறது என்று பாருங்கள். கட்டைவிரலை ஸ்டியரிங் வளையத்துக்குள் விடாதீர்கள். புதைந்த வேரில் சக்கரம் இடித்தால் ஸ்டியரிங் சுழன்று அடிக்கும்.

பிரேக்கை அழுத்தி நிற்பது கூடாது. அழுத்தினால் சக்கரங்களுக்கு முன்னால் மணல் ஆப்புபோலக் குவிந்துவிடும், மறுபடி கிளம்ப அந்த ஆப்பின் மேல் ஏறியாக வேண்டும். காலை எடுத்து, வண்டி தானாக உருண்டு நிற்கட்டும், முடிந்தால் இறக்கத்தில். நின்றபின் கிளம்பும்போது வந்த தடத்திலேயே ஓரிரு மீட்டர் பின்னால் வந்து, அழுந்திய மணலை ஓடுபாதையாக்கி முன்னேறுங்கள். எதிரே வண்டி வந்தால் ஏறுபவருக்கு வழி விடுவது நல்லது, ஏற்றத்தின் நடுவில் நின்றவருக்கு மீண்டும் கிளம்புவது கடினம்.

மணல் மேட்டை நேராக ஏறி நேராக இறங்க வேண்டும். பாதியில் வேகம் செத்தால் போராடாதீர்கள். பிரேக்கைப் பிடித்து, ரிவர்ஸ் கியர் போட்டு, வந்த தடத்திலேயே எஞ்சினின் பிடியில் பின்னிறங்குங்கள். சரிவில் வண்டியைத் திருப்பப் பார்ப்பதுதான் பெரிய தவறு. கீழ்ப்பக்கச் சக்கரங்கள் மேலும் புதைய, வண்டி சாய்ந்து உருண்டுவிடும். கூரைமேல் சாமான் ஏற்றியிருந்தால் ஆபத்து இன்னும் கூடும். கனமான பொருட்களை உள்ளே, தரையோடு வையுங்கள்.

சிக்கிக்கொண்டால்

வண்டி முன்னேறாமல் சக்கரம் மட்டும் சுழல்கிறது என்று உணர்ந்த கணமே காலை எடுங்கள். சுழலும் சக்கரம் மணலை வாரிப் பின்னே எறிந்து தனக்குத் தானே குழி தோண்டுகிறது. இன்னும் சில விநாடி அழுத்தினால் சேஸிஸ் மணல்மேல் உட்கார்ந்துவிடும். பிறகு எடையைத் தாங்குவது வண்டியின் வயிறுதான், டயர் அல்ல. முதல் நொடியில் நிறுத்தினால் 5 நிமிட வேலை, நிறுத்தாவிட்டால் ஒரு மணி நேரம் மண்வெட்டி பிடிக்க வேண்டும்.

முதலில் பின்னால் வர முயலுங்கள். வரவில்லையென்றால் நீண்ட காம்புள்ள மண்வெட்டியால் நான்கு சக்கரங்களின் பாதையையும், டிஃப்பரன்ஷியல், ஆக்சில் அடியில் தேங்கிய மணலையும் வாருங்கள். இதைத்தான் பலரும் விட்டுவிடுகிறார்கள், வண்டியை உண்மையில் பிடித்துவைத்திருப்பது பெரும்பாலும் அடியில் உள்ள அந்த மணல்தான். பிறகு டயர் காற்றை 15-க்கு இறக்குங்கள். சக்கரத்தை ஒட்டி மணல் தட்டைச் சரிவாக, அதன் முனை டயரின் கீழ் நுழையும்படி செருகி, மிக மெதுவாகக் கிளம்புங்கள். தட்டின் மேல் சக்கரம் சுழன்றால் பற்கள் உருகி வழுக்கிவிடும். தட்டுக்கு நேர் பின்னால் யாரும் நிற்க வேண்டாம், அது பீறிட்டுப் பறக்கக்கூடும். ஜாக்கி வைக்க நேர்ந்தால் அடியில் 30 செ.மீ. சதுரமான கனத்த ப்ளைவுட் பலகை வேண்டும், இல்லாவிட்டால் வண்டி மேலே வராமல் ஜாக்கிதான் கீழே போகும்.

இன்னொரு வண்டி இழுப்பதானால், நீட்சியுள்ள நைலான் பட்டையைப் பயன்படுத்துங்கள். பட்டையின் அறும் வலிமை, இரண்டில் இலகுவான வண்டியின் மொத்த எடையைப் போல் 2 முதல் 3 மடங்கு இருக்கட்டும். அது ரப்பரைப் போல ஆற்றலைச் சேர்த்துவைத்து விடுவிக்கிறது, அதனால்தான் பயனும் ஆபத்தும். டிரெய்லர் கொளுவும் உருண்டையில் ஒருபோதும் பட்டையை மாட்டாதீர்கள். அது முறிந்தால் பீரங்கிக் குண்டுபோலப் பறக்கும், ஆஸ்திரேலியாவில் இப்படி உயிர்கள் போயிருக்கின்றன. சேஸிஸில் போல்ட் போட்டுப் பொருத்திய, தாங்கும் எடை குறிக்கப்பட்ட கொக்கியில் மட்டுமே மாட்ட வேண்டும். பட்டையின் நடுவில் ஈரத்துணியோ கனத்த போர்வையோ போடுங்கள், அறுந்தால் தரையில் விழும். வேடிக்கை பார்ப்பவர்கள் பட்டையின் நீளத்தைவிட அதிகத் தொலைவில், பக்கவாட்டில் நிற்கட்டும்.

கர்ரியில் காட்டு வழி கடற்கரையில் இறங்கினால் அங்கே வேக வரம்பு 80, ஆனால் நம்பிப் போக முடியாது. கடல் வற்றும் நேரத்துக்கு இருபுறமும் இரண்டு மணி நேரம்தான் நல்ல வேளை. ஓடைகள் கடலில் கலக்கும் இடங்களில் மணலைச் செங்குத்தாக அறுத்துவிடும், வெயிலின் கூச்சத்தில் அந்த விளிம்பு கண்ணுக்கே படாது.

தார்ச்சாலைக்கு வந்ததும் காற்றைத் திரும்ப நிரப்பிவிட்டுத்தான் மேற்கொண்டு போக வேண்டும். 18 பி.எஸ்.ஐ.-இல் வேகமாக ஓட்டினால் பக்கச்சுவர் ஒவ்வொரு சுற்றுக்கும் மடங்கி விரிந்து, சூடேறி, உள்ளே நார்கள் பிரிந்து டயர் வெடிக்கும். முன், பின் ஆக்சில்களுக்கு இடையே விசையைப் பிரிக்கும் மத்திய டிஃப்பரன்ஷியல் இல்லாத வண்டியில் இரண்டு சக்கர இயக்கத்துக்கு மாற்றுங்கள், இல்லாவிட்டால் கெட்டித் தரையில் முன், பின் ஆக்சில்கள் முறுக்கேறி இறுகிவிடும். உலர்ந்த புல் சைலன்சரின் பக்கம் சிக்கியிருக்கிறதா என்று குனிந்து பாருங்கள், அது தீப்பிடிக்கும். கடற்கரையில் ஓடியிருந்தால் அன்றே அடிப்பாகத்தை நன்னீரால் கழுவுங்கள், சேஸிஸின் உட்குழிகளில் தங்கும் உப்பு மணல் உள்ளிருந்தே துருவை வளர்க்கும். கழுவியபின் ஆளில்லாத நேர்ச்சாலையில் பிரேக்கை மெதுவாக இரண்டு முறை அழுத்திப் பாருங்கள், ஈரமும் மணலும் போகும்வரை அது வழக்கமான தூரத்தில் நிற்காது.