மருந்து வெளியேறிவிடும், கிருமி?

போன வாரம் மரக்காணம் பக்கம் ஒரு இறால் குஞ்சுப் பண்ணையிலிருந்து (ஹேட்சரி) ராத்திரி போன் வந்தது. "சார், டேங்க் மின்னுது." போய் விளக்கை அணைத்துப் பார்த்தேன். தண்ணீரைக் கையால் அலைத்தால் பச்சையாக ஒளிர்ந்தது. விப்ரியோ ஹார்வேயி என்ற ஒளிரும் பாக்டீரியாவின் வேலை. ஜோயியா என்ற ஆரம்ப நிலையில் இருந்த வனாமி இறால் குஞ்சுகள் பாதிக்கு மேல் அடியில் படிந்து கிடந்தன.

லேபில் அந்தக் கிருமியைத் தட்டில் வளர்த்து ஐந்து ஆன்டிபயாடிக் மருந்து வட்டுகளை வைத்தேன். மருந்து கேட்டால் வட்டைச் சுற்றி வெற்று வளையம் விழும். மறுநாள் ஒன்றில்கூட வளையம் இல்லை. வட்டின் விளிம்புவரை கிருமி மண்டியிருந்தது. இந்த சீசனில் இது நான்காவது.

"நோய் வரக்கூடாதுன்னு முதல் நாள்லேர்ந்தே கொஞ்சம் கொஞ்சமா போட்டுக்கிட்டுதான் சார் வர்றோம்" என்றார் டெக்னீஷியன். அந்தக் கொஞ்சத்தில்தான் கிருமி பழகுகிறது.

"குஞ்சுக்குத்தானே போடுறோம், குளத்துல மூணு மாசம் வளர்றதுக்குள்ள மருந்து போயிடும்" என்று எத்தனை பேர் சொல்லிக் கேட்டிருப்பேன்! இறால் உடம்பில் மருந்து மிச்சம் இருக்கிறதா என்பது ஏற்றுமதிக்காரரின் கவலை. நைட்ரோஃபியூரான் வகை ஆன்டிபயாடிக் போட்டிருந்தால் அவரிடமும் மாட்டக்கூடும், அதன் சிதைபொருள் தசையோடு ஒட்டிக்கொள்ளும். நான் பேசுவது கிருமியைப் பற்றி. மருந்து போன பிறகும் பழகிய கிருமி குஞ்சின் குடலில் இருக்கிறது. குஞ்சு அனுப்பும் பையில் ஏறி, விவசாயியின் குளத்துக்குப் போகிறது. எதிர்க்கும் மரபணுவைப் பிளாஸ்மிட் என்ற சிறு டிஎன்ஏ வளையம் வழியாகப் பக்கத்துக் கிருமிக்கும் கொடுக்கிறது. மனிதரைத் தாக்கும் விப்ரியோவும் அதே தண்ணீரில்தான் இருக்கிறது. இதையெல்லாம் எந்த மிச்ச மருந்துச் சோதனையும் காட்டாது.

வெள்ளைப்புள்ளி நோய்க்கும் சிலர் இதையே போடுகிறார்கள். அது வைரஸ், ஆன்டிபயாடிக் ஒன்றும் செய்யாது.

குளோராம்பெனிகால், நைட்ரோஃபியூரான் ஆகிய இரண்டு ஆன்டிபயாடிக்குகளும் இறால் வளர்ப்பில் தடை செய்யப்பட்டவை. குளோராம்பெனிகால் எலும்பு மஜ்ஜையையே முடக்கக்கூடியது. அந்தப் பொடியை வெறுங்கையால் கலக்கும் பையன்களை நானே பார்த்திருக்கிறேன். தயவுசெய்து நிறுத்துங்கள்.

குஞ்சுக்குத் தீனியாகப் போடும் ஆர்ட்டீமியா என்ற சிற்றுயிரை நன்றாக அலசாமல் தொட்டியில் கொட்டாதீர்கள், விப்ரியோ அதோடும் உள்ளே வருகிறது. ஒரு தொகுதிக் குஞ்சு வளர்த்து முடிந்ததும் தொட்டி, குழாய், காற்றுக்குமிழி விடும் ஏர்ஸ்டோன் எல்லாவற்றையும் குளோரினில் கழுவி வெயிலில் காயப்போடுங்கள். குழாயின் உள்ளே வழவழவென்று ஒட்டியிருக்கும் படலத்தை மருந்து தொடாது, தேய்த்துத்தான் எடுக்க வேண்டும். மின்னிய தொட்டித் தண்ணீரைக் குளோரின் போடாமல் கடலில் விடாதீர்கள். நாளைக்குப் பக்கத்து ஹேட்சரி மோட்டார் போட்டு இழுப்பது அதே கடல் தண்ணீரைத்தான்.

அடுத்த முறை மின்னினால் மருந்துக் கடைக்குப் போவதற்கு முன்னால், சுத்தமான பாட்டிலில் தொட்டித் தண்ணீரும் பத்துக் குஞ்சும் எடுத்து லேபுக்கு அனுப்புங்கள். ராத்திரி என்றாலும் பரவாயில்லை.